பல் பிடுங்கிய குழிக்குள் என்ன நடக்கிறது?

பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புபவர் கையில் ஒரு சிறு சீட்டு இருக்கும். கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், சூடாக எதையும் குடிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், புகை பிடிக்காதீர்கள். ஏன் என்று அதில் எழுதியிருக்காது. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது மருத்துவருக்கும் விளக்கிச் சொல்ல நேரமிருக்காது. காரணம் தெரியாத கட்டளை நம் வீடுகளில் அதிக நேரம் நிற்பதில்லை. மாலைக்குள் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ வந்து, "வெந்நீரில் உப்பைப் போட்டு நன்றாகக் கொப்பளி, கெட்ட ரத்தமெல்லாம் வெளியே போகட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். சீட்டு அலமாரியில் கிடக்கும். வெந்நீர் அடுப்பில் ஏறிவிடும். மூன்றாம் நாள் காதுவரை தெறிக்கும் வலியுடன் மருத்துவரிடம் திரும்பி வருபவர்களில் இப்படி வந்தவர்களும் உண்டு.

அந்தச் சீட்டின் வரிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு பொருளைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டிதான் அது. அது எதற்காக அங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டால், சீட்டைத் தொலைத்தாலும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாமே சொல்லிவிடலாம்.

கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். நிரந்தரப் பற்களில் முதலில் முளைப்பவற்றுள் இதுவும் ஒன்று. ஆறு வயதையொட்டி, எந்தப் பால்பல்லையும் தள்ளாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைத்துவிடும். அதையும் பால்பல் என்றே பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். சொத்தை விழுந்தால், "விழுந்து வேறு பல் முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் வேறு பல் முளைக்காது. பிடுங்கும் நாற்காலிக்கு அதிகம் வந்துசேரும் பற்களில் இது இருப்பதற்கு இந்த அறியாமையும் ஒரு காரணம்.

காப்பாற்ற முடிந்த பல்லைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சொத்தை நரம்புவரை போயிருந்தாலும், வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட்டால் அந்தப் பல் பல ஆண்டுகள் உழைக்கும். பல் ஈறுக்குக் கீழேவரை கரைந்துபோயிருந்தாலோ, வேர் நெடுக விரிசல் விட்டிருந்தாலோ, தாங்கும் எலும்பு தேய்ந்து பல் ஆடினாலோதான் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. செலவுக்குப் பயந்து பிடுங்கச் சொல்பவர்கள், அதற்கு முன் அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலோ ஒருமுறை விசாரிக்க வேண்டும். தனியார் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகவே ஆகும்.

'பிடுங்குதல்' என்று சொல்கிறோமே தவிர, நடப்பது இழுத்துப் பறிப்பது அல்ல. பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது; அதில் மெல்லிய நார்கள் நெருக்கமாகப் பின்னிப் பல்லைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. மருத்துவர் முதலில் ஈறை விலக்கி, நெம்பும் கருவியை அந்த இடைவெளிக்குள் நுழைத்து நார்களை அறுக்கிறார். பிறகு குறடால் பல்லைப் பற்றிக் கன்னத்தின் பக்கமும் நாக்கின் பக்கமும் மெல்ல மாற்றி மாற்றிச் சாய்க்கிறார். மாட்டுத்தொழுவத்தில் இறுகிய முளைக்குச்சியை எடுப்பவர் இப்படித்தான் ஆட்டி ஆட்டிக் குழியை அகலமாக்கி எடுப்பார். எலும்பும் சற்று வளைந்துகொடுக்கும். குழி விரிந்தபின் பல் தானாகவே மேலே வரும். சில சமயம் 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். எலும்பு வழியாகவே காதுக்குப் போவதால், பக்கத்தில் நிற்பவரைவிட நாற்காலியில் இருப்பவருக்கே அது பெரிதாகக் கேட்கும். தாடையே உடைந்துவிட்டதோ என்று அந்த நொடியில் பலர் பதறுவார்கள். பெரும்பாலும் அது நார்கள் அறுபடும் சத்தம்தான்.

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும் அழுத்தம் தெரியும். வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகளை மருந்து எளிதில் அடக்கிவிடுகிறது. அழுத்தத்தை உணர்த்தும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. ஆகவே தள்ளுவதும் நெம்புவதும் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. கூர்மையாகக் குத்தினால் கையை உயர்த்திவிட வேண்டும். இன்னொரு ஊசி போடுவார்கள். மேல்தாடை எலும்பு நுண்துளைகள் உள்ளது என்பதால் பல்லுக்கு மேலேயே ஊசி போட்டால் மருந்து ஊறி இறங்கிவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு கெட்டியானது. அங்கே நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே, வாயின் பின்புறம், ஊசி போட வேண்டும். பாதி உதடும் பெரும்பாலும் பாதி நாக்கும் மூன்று நான்கு மணி நேரம் மரத்திருப்பது அதனால்தான். குழந்தைகள் இந்த மரத்த உதட்டை விளையாட்டாகக் கடித்துக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் அது புண்ணாகி வீங்கும்போது, ஊசியால் வந்த சீழ் என்று பெற்றோர் ஓடிவருவார்கள். மரப்பு போகும்வரை பிள்ளையின் வாயைக் கவனித்தாலே போதும்.

இன்று அநேகமாக எங்கும் போடும் மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயினை 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கினார். அதற்கு நூறு ஆண்டுகள் முன்புவரை பல் பிடுங்க மன உறுதியும் பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டியிருந்தன. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே சக மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை. 1846-ல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ஒருவரின் பல்லைப் பிடுங்கினார். அடுத்த மாதமே அங்குள்ள பெரிய மருத்துவமனையில் ஈதர் கொடுத்துக் கட்டி அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றையும் நெஞ்சையும் வலியில்லாமல் திறக்க வழிகாட்டியது பல் வலிக்கு மருந்து தேடிய இந்த மனிதர்களின் பிடிவாதம்.

வலியும் வீக்கமும் உச்சத்தில் இருக்கும்போது மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. சீழ்பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மருந்து நரம்புக்குள் நுழையும் வடிவத்தில் கிடைப்பது அங்கே குறைந்துவிடும். இதை வைத்துக்கொண்டு, வீக்கம் வடிந்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று மருந்துக்கடையில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குபவர்கள் நம் ஊரில் ஏராளம். வீக்கம் வடியும், வலி போகும், பல் மறந்துபோகும். சீழின் ஊற்றோ அதே வேரடியில் இருக்கும். சில மாதங்களில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். மருந்து முதலில் வேண்டுமா, உடனே பிடுங்கலாமா என்பதை வாயைத் திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டும்.

நாற்காலியில் உட்காரும் முன் நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஆபரேஷன் என்றாலே வெறும் வயிறு என்ற பழக்கத்தில், முந்தைய இரவிலிருந்தே பட்டினியாக வருபவர்கள்தான் ஊசியைப் பார்த்ததும் வியர்த்து மயங்குகிறார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டுமே பட்டினி. சர்க்கரை நோயாளி மாத்திரையையும் காலை உணவையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கொண்டுவர வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யும் ஒரு காரியம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்து மீண்டவர்களும் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றை ஒன்றிரண்டு பற்களுக்காக நிறுத்தத் தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து, அளவு 4-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நிறுத்தாமலே பிடுங்குகிறார்கள். பல் குழியில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்தோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். மூளையிலோ இதயத்திலோ ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் அப்படிச் சமாளிக்க முடியாது. மாத்திரை சாப்பிடுவதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தும் முடிவை இதய மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய் எலும்பில் பரவியதற்கோ சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடி நின்றுவிடும். தாடைப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் இதே ஆபத்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் உண்டு. வாய்ப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கும் முன்பே கெட்ட பற்களை எடுத்துவிடச் சொல்வது அதனால்தான்.

பல் வெளியே வந்ததும் குழி ரத்தத்தால் நிரம்புகிறது. மடித்த காஸ் துணியை வைத்து அழுத்திக் கடிக்கச் சொல்கிறார்கள். அரை மணி நேரமாவது வாயைத் திறக்காமல் கடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். பிறகு மறுநாள் வரை எச்சில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு துளி ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் எல்லாமே ரத்தம் போலத் தெரியும். அதைத் துப்பாமல் விழுங்கிவிடுவதே நல்லது. துப்பும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவிசைதான் கட்டியைக் கிளப்பும். ஸ்ட்ரா வைத்து இளநீரோ ஜூஸோ உறிஞ்சுவதும் அதே வேலையைச் செய்யும். சூடான காபி உறைந்ததை இளக்கி, ரத்தக்குழாய்களை விரித்துவிடும். சிகரெட்டில் உறிஞ்சுதலும் உண்டு. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நிகோட்டினும் உண்டு. புகைப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்த வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கும் இதுவே பொருந்தும். வலி அடங்கப் புகையிலையைப் பல் குழியில் அடக்கிவைக்கும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. ஆறாத புண்ணில் வைக்கக்கூடாத பொருட்களில் முதலாவது அதுதான்.

கசிவு நிற்காமல் வாய் நிறையப் புது ரத்தம் வந்துகொண்டிருந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்து அரை மணி நேரம் இடைவிடாமல் கடிக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் குழியைப் பார்ப்பவர்கள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலத்தைக் காண்பார்கள். சீழ் என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தெடுப்பவர்களும் உண்டு. ரத்தக்கட்டியின் மேலே படியும் ஃபைப்ரின் என்ற புரதப் படலம் அது. காயம் ஆறுவதன் அடையாளம். அதன் கீழே புதிய ரத்தக்குழாய்கள் கட்டிக்குள் நுழைந்து, ஒரு வாரத்தில் கட்டி இருந்த இடத்தில் மென்மையான சிவந்த திசு வளர்கிறது. ஓரங்களிலிருந்து ஈறு மூடிக்கொண்டு வரும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் குழியில் இளம் எலும்பு நிரம்பத் தொடங்கும்; முதிர்ந்த எலும்பாக மாற மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவுக்கும் அடித்தளம் முதல் அரை மணி நேரத்தில் உறைந்த அந்த ரத்தம். பாட்டி சொன்ன கெட்ட ரத்தம் அங்கே இல்லை.

உப்புநீர் கெட்டதில்லை. நேரம்தான் முக்கியம். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து வழியவிட்டால் போதும். சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம். முதல் நாள் குளிர்ந்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, ராகிக்கூழ், பாலில் ஊறிய இட்லி ஆகியவை பொருத்தமானவை. குழந்தைகளுக்கு ஐஸ்கிரீமைக் கரண்டியால் கொடுக்கலாம். கடுகு, எள், பொட்டுக்கடலை, முறுக்குத்தூள் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் சில நாட்கள் வேண்டாம். பல் பிடுங்கியதற்காகப் பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் ஒதுக்குவது தவறு. காயம் ஆறப் புரதம் வேண்டும்.

வீக்கம் எப்படிக் கூடிக் குறையும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். முதல் நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில் கன்னம் அதிகமாக வீங்குவது இயல்பு. அதன்பின் வடியத் தொடங்க வேண்டும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை வெளிக்கன்னத்தில் இருபது நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். வலி வேறு மாதிரி நடந்துகொள்ளும்: ஊசியின் மரப்பு தெளிந்த இரவில்தான் அது அதிகம், பிறகு நாளுக்கு நாள் குறைய வேண்டும். மரப்பு முழுதும் தெளியும் முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. இபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் பெரும்பாலோருக்கு நன்றாக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இபுபுரூஃபெனைத் தொடக்கூடாது; டெங்கு சந்தேகம் இருந்தாலும் தொடக்கூடாது. நோயெதிர்ப்பு சரியாக இருப்பவருக்குச் சாதாரணமாகப் பிடுங்கிய பல்லுக்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது.

குறைந்துவந்த வலி மூன்றாம் நாளையொட்டித் திடீரென்று ஏறினால், காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் தெறித்தால், வாயில் துர்நாற்றமும் கசப்பும் இருந்தால், ரத்தக்கட்டி கரைந்தோ கழன்றோ போயிருக்கிறது. 'டிரை சாக்கெட்' என்று இதைச் சொல்கிறார்கள். 1896-லேயே மருத்துவ இதழில் எழுதப்பட்ட சிக்கல் இது. சாதாரணமாகப் பிடுங்கும் பற்களில் 100-க்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு வருகிறது. கீழ் ஞானப்பல்லில் இன்னும் அதிகம். குழிக்குள் எலும்பு மூடாமல் நிற்க, காற்றும் நீரும் உணவும் அதன் மேல் படுவதுதான் அந்த வலி. சீட்டிலுள்ள அத்தனையையும் கடைப்பிடித்தவர்களுக்கும் சில சமயம் இது வரும். அவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம். மாத்திரையால் அடங்காத இந்த வலி, மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பிலிருந்து கிடைக்கும் யூஜினால் சேர்ந்த மருந்தை வைத்ததும் வெகுவாகத் தணிந்துவிடும். கிராம்பு நல்லதுதானே என்று வீட்டிலேயே கிராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.

மேல்தாடைப் பல் என்றால் நம் மக்களைப் பிடித்து ஆட்டும் பயம் வேறு. ஒரு மருத்துவமனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, உள்ளே போகும் முன் இளம் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கண் பார்வைக்கு ஒன்றும் வந்துவிடாதே, தம்பி?" என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது அம்மா, கண்ணுக்குப் போகிற நரம்பே வேறு" என்றார் அவர். அதுதான் உண்மை. பார்வை நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. மேல் பற்களுக்கு வருவது முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பின் கிளை. அந்தக் கிளை கண்ணுக்குக் கீழே ஓடுவதால் பல்வலி கண்வரை தெறிக்கும். கோரைப்பல்லில் சீழ்பிடித்தால் கண்ணே மூடும்படி வீங்கும். பற்கள் விழும் அதே வயதில்தான் கண்புரையும் வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இந்தப் பயத்தால் சீழ்பிடித்த மேல் பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து. மேல் கடைவாய்ப்பல்லின் வேர் மூக்கின் பக்கத்து எலும்பிலுள்ள சைனஸ் என்ற காற்றறையைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அதைப் பிடுங்கியபின் சில நாட்களுக்கு மூக்கைச் சிந்தாமல் இருப்பதும், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முவதும் அவசியம்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைகள் சில இருக்கின்றன. காய்ச்சலோடு வீக்கம் நான்காம் நாளிலும் கூடுவது, தாடைக்குக் கீழே கழுத்து கட்டியாக இறுகுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது. வாயின் அடித்தளத்தில் பரவும் தொற்று சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல், அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் அவசரமில்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும். ஞானப்பல் எடுத்தவர்களில் சிலருக்கு நரம்பு நசுங்கி இப்படி ஆகும். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும்.

குழி மூடியதும் எல்லோரும் மறந்துவிடுவது இடைவெளியை. ஞானப்பல் என்றால் அப்படியே விடலாம். முதல் கடைவாய்ப்பல் என்றால், பின்னால் உள்ள பல் மெல்ல முன்னால் சாயும். மேலிருக்கும் பல் கடிக்க எதிர்ப்பல் இல்லாமல் கீழே இறங்கும். மெல்லும் வேலை இல்லாத எலும்பும் தேயும். முதல் ஓராண்டில் அதன் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது. அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கிறது. எலும்பில் பொருத்தும் செயற்கை வேரான இம்பிளான்ட் வைக்க நினைப்பவர் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பாலம் போடுவதும், கழற்றி மாட்டும் பல் செட்டும் செலவு குறைந்த வழிகள். எதுவானாலும், பல் பிடுங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ள வேண்டும். வலி போன பிறகு யாரும் திரும்பி வருவதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.